நாற்காலியில் இருக்கும்வரை

காரைக்கால்மேட்டு மீனவர்களின் வாழ்க்கையில் நான்கு ஆட்சித் தலைமைகள் குறுக்கிடுகின்றன. டெல்லியில் குடியரசுத் தலைவர். அவர் பெயரால் புதுச்சேரியில் நிர்வாகம் நடத்தும் துணைநிலை ஆளுநர். வலை வீசும் கடலுக்கு அப்பால் முப்படைக்கும் தளபதியான இலங்கை ஜனாதிபதி. காரைக்கால் வட்டாரத்தில் பிரெஞ்சுக் குடியுரிமை வைத்திருக்கும் குடும்பங்களுக்குப் பாரிஸில் இருக்கும் அதிபர். பிரெஞ்சு அதிபர் தேர்தல் வந்தால் காரைக்காலிலும் வாக்குச்சாவடி திறக்கிறார்கள். இந்த நால்வரில் ஒருவர் மீது குற்றப் புகார் எழுந்தால், பதவியில் இருக்கும்போதே அவரைக் கூண்டில் ஏற்ற முடியுமா? நான்கு இடங்களிலும் நான்கு விதமான பதில்.

மீனவர் விஷயத்தில் இப்படிக் குழப்பம் ஏதும் இல்லை. இலங்கையின் நெடுந்தீவுப் பக்கம் எல்லை தாண்டியதாகப் பிடிபட்டால், படகு காங்கேசன்துறைக்கோ மயிலிட்டிக்கோ போகும். ஆட்கள் ஊர்காவற்றுறை நீதவான் முன் நிறுத்தப்படுவார்கள். 2025 ஜனவரி 28 அன்று நெடுந்தீவு அருகே காரைக்கால் படகு ஒன்றை இலங்கைக் கடற்படை மடக்கியபோது துப்பாக்கிச் சூடு நடந்தது. படகில் 13 பேர். 5 பேருக்குக் காயம், அதில் 2 பேருக்குப் பலத்த காயம். இந்தியா இலங்கையின் பதில் தூதரை அழைத்துக் கண்டித்தது. சட்டத்தின் நீளமான கை கடல்காரரைச் சில மணி நேரத்தில் எட்டிப் பிடிக்கிறது. அதே கை நாட்டின் தலைவரை நோக்கி நீளும்போது மட்டும் ஏன் பாதியில் நிற்கிறது, எங்கே நிற்கலாம், எங்கே நிற்கக் கூடாது என்பதே இந்தக் கட்டுரையின் கேள்வி.

காப்புக்குச் சொல்லப்படும் நியாயம்

விலக்குரிமையை ஆதரிப்பவர்கள் சொல்வது வெறும் சாக்குப்போக்கு இல்லை. நாட்டின் தலைவர் மீது யார் வேண்டுமானாலும் எந்த ஊர் நீதிமன்றத்திலும் தனிப் புகார் கொடுக்கலாம் என்றால், தேர்தலில் தோற்றவர்கள் வழக்கில் பழி தீர்ப்பார்கள். வாய்தாவுக்கு வாய்தா அலைபவரால் நாட்டைக் கவனிக்க முடியாது. போர், பேரிடர் போன்ற நேரங்களில் நாளை வழக்கு வருமோ என்று தயங்குகிற கை எந்தக் கோப்பிலும் கையெழுத்திடாது. இன்னொரு நாட்டு நீதிமன்றம் நம் நாட்டுத் தலைவரைக் கைது செய்யலாம் என்றால் நாடுகளுக்கு இடையே பேச்சுவார்த்தையே நடக்காது. இந்த நான்கு வாதங்களிலும் உண்மை இருக்கிறது.

ஆனால் நான்கும் ஒரே அளவுக்குப் போதுமானவை. பதவிக்காலத்தில் தொந்தரவு கூடாது என்பது வரைக்கும்தான் அவை நிரூபிக்கின்றன. பதவி முடிந்த பிறகும் கேள்வி கூடாது என்பதற்கு அவற்றில் ஒன்றும் உதவாது.

நம் மரபில் இந்தக் கேள்விக்குப் பதிலாக எல்லோரும் திருவாரூரைக் காட்டுவார்கள். காரைக்காலிலிருந்து ஒரு மணி நேரப் பேருந்துப் பயணம். முறையிட்ட பசுவுக்காக, அதன் கன்றைத் தேர்க்காலில் பலிகொண்ட மகனை அதே தேர்க்காலில் இட்ட மனுநீதிச் சோழனின் சிலை சென்னை உயர் நீதிமன்ற வளாகத்திலும் நிற்கிறது. புதுச்சேரி, காரைக்கால் வழக்குகள் மேல்முறையீட்டுக்குப் போகும் நீதிமன்றமும் அதுதான். சிலப்பதிகாரத்துப் பாண்டியன் தவறு தெரிந்த கணத்தில் அரியணையிலேயே உயிர் விட்டான். பொற்கைப் பாண்டியன் தன் கையைத் தானே வெட்டிக்கொண்டான். மூன்று கதைகளிலும் தீர்ப்புச் சொன்னவன் அரசனே. தேரை ஓட்டியவன் அரசனாக இருந்து, அவனுக்கு மனசாட்சி இல்லாமலும் போயிருந்தால் அந்தப் பசு எங்கே போயிருக்கும் என்று எந்தக் கதையும் சொல்லவில்லை. அரசியலமைப்புச் சட்டம் எழுதப்படுவது மனசாட்சி இல்லாதவருக்காகத்தான்.

பிரிவு 361 சொல்வது

இந்திய அரசியலமைப்பின் 361-வது பிரிவு குடியரசுத் தலைவரையும் மாநில ஆளுநர்களையும் காக்கிறது. பதவி அதிகாரத்தைப் பயன்படுத்திச் செய்தவற்றுக்கு அவர்கள் எந்த நீதிமன்றத்துக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை. பதவிக்காலத்தில் அவர்கள் மீது குற்ற வழக்கு தொடுக்கவும் கூடாது, ஏற்கெனவே இருக்கும் வழக்கைத் தொடரவும் கூடாது. கைது ஆணை பிறப்பிக்க முடியாது. சொந்த விவகாரத்தில் உரிமையியல் வழக்குப் போடலாம். அதற்கு இரண்டு மாதம் முன்னதாக எழுத்தில் அறிவிப்புத் தர வேண்டும்.

இதன் வேர் வெள்ளைக்காரர் காலத்தது. 1935-ம் ஆண்டு இந்திய அரசுச் சட்டத்தின் 306-வது பிரிவு கவர்னர் ஜெனரலையும் கவர்னர்களையும் இதேபோல் காத்தது. 1949 செப்டம்பர் 8 அன்று அரசியல் நிர்ணய சபையில் இந்தப் பிரிவு வந்தபோது எச்.வி.காமத் சில சந்தேகங்களை எழுப்பினார். அதற்கு மேல் பெரிய விவாதம் இல்லாமலேயே பிரிவு நிறைவேறியது. ஆளப்பட்டவர்கள் ஆளவந்தபோது, ஆண்டவர்களின் கவசத்தை அதிகம் உரசிப் பார்க்காமல் வாங்கிக்கொண்டார்கள்.

இந்தியாவில் இந்தக் கவசம் பெரிய ஆபத்தாகத் தெரியாததற்குக் காரணம் உண்டு. குடியரசுத் தலைவர் அமைச்சரவையின் ஆலோசனைப்படி நடப்பவர். உண்மையான அதிகாரம் பிரதமரிடமும் முதல்வர்களிடமும் இருக்கிறது. அவர்களுக்கு 361 கிடையாது. 2014 செப்டம்பர் 27 அன்று பெங்களூரு தனி நீதிமன்றம் ஜெயலலிதாவுக்குத் தண்டனை விதித்தபோது அவர் பதவியில் இருந்த முதல்வர். 2024 மார்ச் 21 அன்று கைதான அரவிந்த் கெஜ்ரிவாலும் அப்படித்தான். இவற்றால் மாநில நிர்வாகம் இடிந்து விழுந்துவிடவில்லை. தலைவர் வழக்கைச் சந்தித்தால் நாடு நின்றுவிடும் என்ற வாதத்துக்கு இந்த அனுபவமே பாதி பதில்.

ஆளுநர்கள் விஷயத்தில்தான் 361 நிஜமாகவே உரசிப் பார்க்கப்பட்டது. பாபர் மசூதி இடிக்கப்பட்டபோது உத்தரப் பிரதேச முதல்வராக இருந்த கல்யாண் சிங், 2014-ல் ராஜஸ்தான் ஆளுநரானார். 2017 ஏப்ரல் 19 அன்று அத்வானி உள்ளிட்டோர் மீதான சதிக் குற்றச்சாட்டுக்கு உச்ச நீதிமன்றம் மறுபடி உயிர் கொடுத்தது. கல்யாண் சிங் ஆளுநராக இருக்கும்வரை அவருக்கு விலக்கு, பதவி முடிந்ததும் குற்றச்சாட்டு பதிய வேண்டும் என்று அதே தீர்ப்பு சொன்னது. 2019 செப்டம்பரில் பதவிக்காலம் முடிந்த அந்த மாதமே லக்னோ நீதிமன்றத்தில் ஆஜரானார். 2020 செப்டம்பர் 30 அன்று மற்றவர்களோடு அவரும் விடுதலையானார். தீர்ப்பு சரியா தவறா என்பது வேறு பேச்சு. காப்பு என்பது ஒத்திவைப்புதான் என்பதற்கு இது நல்ல சான்று.

மறுபக்கம் மத்தியப் பிரதேசம். வியாபம் ஊழல் வழக்கில் ஆளுநர் ராம் நரேஷ் யாதவ் பெயர் முதல் தகவல் அறிக்கையில் ஏறியது. 2015-ல் உயர் நீதிமன்றம் 361-ஐக் காட்டி அவர் மீதான அறிக்கையை ரத்து செய்தது. 2016 செப்டம்பரில் பதவி முடிந்தது, நவம்பரில் காலமானார். அவர் குற்றவாளியா நிரபராதியா என்று எந்த நீதிமன்றமும் சொல்ல வாய்ப்பே வரவில்லை. ஒத்திவைத்த நீதி சில நேரம் சுடுகாட்டு வாசலில் முடிகிறது. இது புகார் கொடுத்தவருக்கு மட்டும் நஷ்டம் இல்லை. பழி சுமந்தவருக்கும் நஷ்டம்.

2024-ல் மேசைக்கு வந்தது மேற்கு வங்க விவகாரம். 2024 மே மாதம் ஆளுநர் மாளிகையின் ஒப்பந்த ஊழியரான ஒரு பெண், ஆளுநர் சி.வி.ஆனந்த போஸ் மீது பாலியல் சீண்டல் புகார் கொடுத்தார்; ஆளுநர் மறுத்தார். வழக்கு தொடுக்கக் கூடாது என்றால் விசாரிக்கவும் கூடாதா? கண்காணிப்புக் கேமரா பதிவைப் போலீஸ் வாங்கக் கூடாதா? சாட்சிகள் மறந்துபோக மாட்டார்களா? இந்தக் கேள்விகளோடு அந்தப் பெண் உச்ச நீதிமன்றம் போனார். 361-ன் எல்லையை ஆராய 2024 ஜூலை 19 அன்று நீதிமன்றம் ஒப்புக்கொண்டது. அலுவல் கோப்பில் கையெழுத்திட்டதற்கும் அலுவலக அறையில் ஒருவர் மீது கை வைத்ததாகச் சொல்லப்படுவதற்கும் ஒரே கவசமா என்பதுதான் அதன் சாரம்.

செயலைப் பொறுத்தவரை நம் நீதிமன்றங்கள் ஏற்கெனவே தெளிவாக இருக்கின்றன. பீகார் சட்டமன்றக் கலைப்பு பற்றிய 2006-ம் ஆண்டு ராமேஸ்வர் பிரசாத் தீர்ப்பு, ஆளுநரைக் கூண்டில் ஏற்ற முடியாவிட்டாலும் அவருடைய முடிவைச் சோதிக்கலாம் என்றது. ஆளுநர் நிறுத்திவைத்த தமிழ்நாட்டு மசோதாக்கள் விவகாரத்துக்குப் பிறகு குடியரசுத் தலைவர் கேட்ட கேள்விகளுக்கு 2025 நவம்பர் 20 அன்று பதில் சொன்ன அரசியல் சாசன அமர்வும், ஆளுநருக்குத் தனிப்பட்ட காப்பு உண்டு, ஆனால் ஆளுநர் என்ற பதவி நீதிமன்றத்தின் வரம்புக்கு உட்பட்டது என்றது.

புதுச்சேரியில் ஓர் ஓட்டை

இங்கேதான் காரைக்கால்காரருக்கு நேரடியாகப் படும் சிக்கல் வருகிறது. 361-ல் குடியரசுத் தலைவர் இருக்கிறார், மாநில ஆளுநர் இருக்கிறார்; துணைநிலை ஆளுநர் இல்லை. புதுச்சேரி, காரைக்கால், மாஹே, ஏனாம் நான்கும் சேர்ந்த ஒன்றியப் பகுதியை 239-வது பிரிவின் கீழும் 1963-ம் ஆண்டு ஒன்றியப் பகுதிகள் ஆட்சிச் சட்டத்தின் கீழும் அவர் நிர்வகிக்கிறார். அவர் பெயரில் வழக்கு வந்தால் என்ன ஆகும்?

டெல்லியில் இது சோதனைக்கு வந்தது. 2002-ல் சபர்மதி ஆசிரமத்தில் மேதா பட்கர் தாக்கப்பட்ட வழக்கில் குற்றம் சாட்டப்பட்டவர்களில் ஒருவரான வி.கே.சக்சேனா, டெல்லி துணைநிலை ஆளுநரானபின் 361-ன் கீழ் விசாரணையை நிறுத்தி வைக்கக் கேட்டார். 2023 மே மாதம் அகமதாபாத் மாஜிஸ்திரேட் நீதிமன்றம் மறுத்தது. அதே மாதம் குஜராத் உயர் நீதிமன்றம் அவர் மீதான விசாரணைக்கு இடைக்காலத் தடை விதித்தது. ஒரே பிரிவை வைத்து இரண்டு நீதிமன்றங்கள் இரண்டு பக்கம் போயின.

புதுச்சேரியின் அண்மைக்கால வரலாறு இன்னும் விசித்திரம். 2021 பிப்ரவரியிலிருந்து 2024 மார்ச் வரை தமிழிசை சௌந்தரராஜன், அதன்பின் சில மாதம் சி.பி.ராதாகிருஷ்ணன் ஆகியோர் வேறு மாநில ஆளுநர்களாக இருந்துகொண்டே புதுச்சேரியைக் கூடுதல் பொறுப்பாகக் கவனித்தார்கள். தெலங்கானா, ஜார்க்கண்ட் ஆளுநர் என்ற முறையில் அவர்களுக்கு 361 இருந்தது. 2024 ஆகஸ்டில் கே.கைலாஷ்நாதன் முழுநேரத் துணைநிலை ஆளுநராக வந்தார். பதவியும் மாறவில்லை, அதிகாரமும் மாறவில்லை; காப்பு மட்டும் சந்தேகத்துக்கு உரியதாகிவிட்டது. ஒரு காப்பு பதவியின் தேவையைப் பொறுத்து இல்லாமல், நியமனக் கடிதத்தின் தற்செயலைப் பொறுத்து வந்துபோகிறது என்றால் சட்டத்தில் ஓட்டை இருக்கிறது என்று பொருள்.

இதோடு 2025 ஆகஸ்ட் 20 அன்று மக்களவையில் அறிமுகமான 130-வது அரசியலமைப்புத் திருத்த மசோதாவையும் அதோடு வந்த ஒன்றியப் பகுதிகள் ஆட்சித் திருத்த மசோதாவையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஐந்தாண்டு அல்லது அதற்கு மேல் தண்டனை தரக்கூடிய குற்றச்சாட்டில் தொடர்ந்து 30 நாள் காவலில் இருந்தால் முதல்வரும் அமைச்சரும் பதவி இழக்க வேண்டும் என்கின்றன அவை. தீர்ப்பு வரும் முன்பே பதவி போகும். மசோதாக்கள் நாடாளுமன்றக் கூட்டுக் குழுவுக்கு அனுப்பப்பட்டன. மக்கள் ஓட்டுப் போட்டு அனுப்பியவருக்குக் கைதே போதும்; டெல்லி அனுப்பியவருக்கு விசாரணையே கூடாது. இந்த ஏற்றத்தாழ்வுக்கு எந்த நியாயமும் சொல்ல முடியாது.

கடலுக்கு அப்பால்

இலங்கையில் கேள்வியின் கனம் வேறு. 1978-ம் ஆண்டு யாப்பு ஜனாதிபதியை அரச தலைவராகவும் நிறைவேற்று அதிகாரியாகவும் ஆக்கியது. 35-வது உறுப்புரை அவருக்கு விலக்குரிமையும் கொடுத்தது. இந்தியாவில் கவசம் ஓரிடம், வாள் வேறிடம். அங்கே இரண்டும் ஒரே கையில். பதவியிலிருந்து இறக்க 38-வது உறுப்புரை வழி வைத்திருக்கிறது. மூன்றில் இரண்டு பங்கு நாடாளுமன்ற ஆதரவும் உச்ச நீதிமன்ற விசாரணையும் வேண்டும். 1991-ல் ஜனாதிபதி பிரேமதாசவுக்கு எதிராக எடுத்த முயற்சி கைகூடவில்லை.

நீதிபதிகள் சுவரில் கொஞ்சம் கொஞ்சமாகச் சன்னல் வைத்தார்கள். 1998-ல் மாகாண சபைத் தேர்தல்கள் தள்ளிவைக்கப்பட்ட வழக்கில், விலக்குரிமை செய்தவருக்குத்தான், செய்யப்பட்ட செயலுக்கு இல்லை என்ற பொருளில் 1999-ல் நீதியரசர் மார்க் பெர்னாண்டோ தீர்ப்பளித்தார். 2015-ன் 19-வது திருத்தம் ஜனாதிபதியின் அலுவல் செயல்களை எதிர்த்து, சட்டமா அதிபரைப் பிரதிவாதியாக்கி, அடிப்படை உரிமை மனுப் போட வழி திறந்தது. 2018-ல் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன நாடாளுமன்றத்தைக் கலைத்தபோது இரா.சம்பந்தன் உள்ளிட்டோர் அந்த வழியாகத்தான் போனார்கள். டிசம்பர் 13 அன்று ஏழு நீதிபதிகளும் ஒருமனதாகக் கலைப்பு செல்லாது என்றார்கள். ஜனாதிபதி நாற்காலியில்தான் இருந்தார்; அவருடைய ஆணை குப்பைத் தொட்டிக்குப் போனது.

சுவரின் மறுபக்கம் யாழ்ப்பாணத்தில் தெரியும். 2011 டிசம்பரில் அங்கே இரண்டு மனித உரிமைச் செயற்பாட்டாளர்கள் காணாமல்போனார்கள். அப்போது பாதுகாப்புச் செயலாளராக இருந்த கோட்டாபய ராஜபக்சவை 2019-ல் யாழ்ப்பாண நீதவான் நீதிமன்றம் சாட்சி சொல்ல அழைத்தது. பாதுகாப்பைக் காரணம் காட்டி மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் அவர் தடை பெற்றார். அந்த நவம்பரில் ஜனாதிபதியானார். பதவியேற்ற சில நாளில், தந்தையின் நினைவு அருங்காட்சியகத்துக்கு அரசுப் பணம் போனதான வழக்கிலிருந்தும் விலக்குரிமையின் பேரில் விடுவிக்கப்பட்டார். பதவிக்கு முன் நடந்ததற்கும் பதவியே பாதுகாப்பாயிற்று. இது தேர்தலில் நிற்பதற்கே ஒரு காரணத்தைக் கொடுத்துவிடுகிறது.

2022 ஜூலையில் மக்கள் ஜனாதிபதி மாளிகைக்குள் புகுந்தபோது அவர் நாட்டைவிட்டு ஓடி, சிங்கப்பூரிலிருந்து பதவி விலகினார். சட்டத்தின் கதவு அடைபட்டிருந்த இடத்தில் தெரு திறந்துகொண்டது. அதன்பிறகுதான் சட்டம் பேசத் தொடங்கியது. 2019 ஈஸ்டர் குண்டுவெடிப்பைத் தடுக்கத் தவறியதற்காக, பதவிக்காலம் முடிந்திருந்த சிறிசேன சொந்தப் பணத்தில் 10 கோடி ரூபாய் இழப்பீடு தர 2023 ஜனவரி 12 அன்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. பொருளாதாரச் சரிவுக்கு ராஜபக்ச சகோதரர்கள் உள்ளிட்டோர் பொறுப்பு என்று அதே ஆண்டு நவம்பரில் தீர்ப்பு வந்தது. 2025 ஆகஸ்ட் 22 அன்று, அரசுப் பணத்தில் தனிப் பயணம் போனதான புகாரில் ரணில் விக்கிரமசிங்க கைதானார். நான்கு நாளில் பிணை கிடைத்தது. இலங்கையில் முன்னாள் ஜனாதிபதி ஒருவர் கைதானது அதுவே முதல் முறை.

இவை எல்லாம் சாத்தியமானதற்கு 35-வது உறுப்புரையில் அதிகம் பேசப்படாத ஒரு வாசகமும் துணை. பதவியில் இருந்த காலம் வழக்குக்கான காலவரையறையில் சேராது என்கிறது அது. நம் 361-ல் அப்படி ஒரு வரி இல்லை.

பாரிஸ் முதல் ஹேக் வரை

காரைக்காலை 1739 முதல் 1954 வரை ஆண்ட பிரான்ஸும் அதே வழியில் போனது. 2007-ல் திருத்தப்பட்ட 67-வது பிரிவின்படி அதிபரைப் பதவிக்காலத்தில் சாட்சியாகக்கூட அழைக்க முடியாது. காலவரையறை ஓடாமல் நிற்கும். பதவி முடிந்து ஒரு மாதம் ஆனால் வழக்கு தொடரும். பாரிஸ் மேயராக இருந்தபோது போலி வேலைகளுக்குச் சம்பளம் கொடுத்ததற்காக ழாக் சிராக் 2011-ல் இரண்டாண்டு நிறுத்திவைத்த தண்டனை பெற்றார். இடையில் 12 ஆண்டு அதிபராக இருந்திருந்தார். இன்னொரு முன்னாள் அதிபர் நிக்கோலா சர்க்கோசி 2025 அக்டோபரில் சிறைக்கே போனார். மேல்முறையீட்டுக் காலத்தில் அடுத்த மாதம் வெளியே வந்தார்.

தென்கொரியா கிளர்ச்சி, தேசத்துரோகம் இரண்டையும் காப்பிலிருந்து விலக்கி வைத்திருக்கிறது. அதனால்தான் இராணுவச் சட்டம் அறிவித்த அதிபர் யூன் சுக் யோல் 2025 ஜனவரியில், பதவி முறைப்படி பறிபோகும் முன்பே, கைது செய்யப்பட்டார். அமெரிக்கா எதிர்த்திசையில் நடந்தது. 2024 ஜூலை 1 அன்று அதன் உச்ச நீதிமன்றம் 6-க்கு 3 என்ற கணக்கில், முன்னாள் அதிபருக்கும் அலுவல் செயல்களுக்காகக் குற்ற வழக்கிலிருந்து விரிவான காப்பு கொடுத்தது. அங்கே ஒத்திவைப்பு நிரந்தரமாகிவிட்டது.

ஹேக்கில் இருக்கும் பன்னாட்டுக் குற்றவியல் நீதிமன்றத்தின் ரோம் சட்டம் 27-வது பிரிவில் எந்தப் பதவியும் கேடயம் இல்லை என்கிறது. சூடானின் அல்-பஷீர், ரஷ்யாவின் புதின் இருவர் மீதும் பதவியில் இருக்கும்போதே பிடி ஆணை வந்தது. ஆணை காகிதத்தில் இருக்கிறது. 2024-ல் மங்கோலியா போன புதினை யாரும் தொடவில்லை. இந்தியாவும் இலங்கையும் அந்தச் சட்டத்தில் சேரவில்லை.

பன்னாட்டுக் காப்பு கடல்காரர் வீட்டுக்குள்ளும் வந்திருக்கிறது. 2012 பிப்ரவரி 15 அன்று கேரளக் கடலில் என்ரிகா லெக்சி கப்பலிலிருந்து இத்தாலியக் கடற்படையினர் சுட்டதில் இரண்டு மீனவர்கள் இறந்தார்கள். ஒருவர் கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர். அரசு ஊழியர்களாகச் செய்த செயல் என்பதால் இந்தியா அவர்களை விசாரிக்க முடியாது என்று 2020-ல் நடுவர் மன்றம் சொன்னது. 10 கோடி ரூபாய் இழப்பீட்டோடு 2021 ஜூனில் வழக்கு முடிந்தது. அரச தலைவரின் காப்பு நாற்காலியோடு போய்விடும். இந்த வகைக் காப்பு செயலோடு ஒட்டிக்கொண்டு காலத்துக்கும் நிற்கும். இரண்டில் ஆபத்தானது இரண்டாவதே. அமெரிக்கத் தீர்ப்பு தலைவருக்குக் கொடுத்ததும் அதைத்தான்.

முடிவாக

பதவியில் இருக்கும் அரச தலைவரை நாள்தோறும் நீதிமன்றத்துக்கு இழுக்கக் கூடாது என்பதை ஏற்கலாம். ஐந்து நிபந்தனைகளோடுதான் ஏற்கலாம். ஒன்று, காப்பு ஆளுக்கு மட்டும். அவர் ஆணைகளை நீதிமன்றம் ரத்து செய்யலாம். இரண்டு, வழக்கு நிற்கலாம், புலன்விசாரணை நிற்கக் கூடாது. சாட்சியமும் பதிவுகளும் அன்றன்றே பத்திரப்பட வேண்டும். மூன்று, பதவியில் இருக்கும் நாள்கள் காலவரையறையிலிருந்து கழிக்கப்பட வேண்டும். நான்கு, கொலை, பாலியல் வன்முறை, அரசைக் கவிழ்க்கும் சதி ஆகியவற்றுக்குக் காப்பு கூடாது. ஒரு மூத்த நீதிபதி முதற்கட்ட ஆதாரத்தைப் பார்த்து அனுமதித்தால் வழக்கு நடக்க வேண்டும். பழிவாங்கும் புகார்களை வடிகட்ட அந்த ஓர் அனுமதி போதும். ஐந்து, வேறு கதவு திறந்திருக்க வேண்டும். குடியரசுத் தலைவரை நீக்க 61-வது பிரிவு இருக்கிறது. ஆளுநரை நீக்க மக்கள் பிரதிநிதிகள் கையில் எதுவும் இல்லை. நியமித்தவர்கள் மனம் வைத்தால்தான் உண்டு. நீக்க வழியில்லாத பதவிக்குக் காப்பு மட்டும் கொடுப்பது பொறுப்பில்லாத அதிகாரத்துக்கு வழி செய்வதாகும்.

இவற்றில் உடனே செய்யக்கூடியது ஒன்று உண்டு, அதற்கு அரசியலமைப்புத் திருத்தமும் தேவையில்லை. 1963-ம் ஆண்டுச் சட்டத்தில், துணைநிலை ஆளுநருக்கு 361-வது பிரிவு பொருந்தாது என்று நாடாளுமன்றம் ஒரு வரி சேர்த்தால் போதும். முதல்வரின் பதவியைப் பறிக்க அதே சட்டத்தைத் திருத்த முனைந்திருக்கும் ஒன்றிய அரசு, இந்த வரியையும் சேர்க்கட்டும். புதுச்சேரி சட்டமன்றம் அதைத் தீர்மானமாகக் கேட்கட்டும். ஓட்டுக் கேட்டு வருகிறவர்களிடம் காரைக்கால் வாக்காளர்கள் கேட்க வேண்டிய கேள்விகளில் இதுவும் ஒன்று.